ஓடும்போது மட்டும் எரியும் லைட்டு

கோதண்டத்துக்கு அந்த லைட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எரிந்தாலும் பிடிக்கவில்லை, எரியாவிட்டால் அதைவிடப் பிடிக்கவில்லை. சாவி போட்டதும் மீட்டர் போர்டில் எல்லா லைட்டும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் ஒவ்வொன்றாக அணைகிறது, ஆயில் டப்பா படம் போட்ட இந்தச் சிவப்பு லைட்டும் அணைகிறது, மரியாதையாக அணைகிறது, இவர் முன்னால் மட்டும் பரம யோக்கியனாக அணைகிறது. தனுஷ்கோடி ஓட்டிக்கொண்டு போய் ரயில்வே பாலத்தின் மேட்டில் ஏறினால் மட்டும் எரியுமாம். காலையில் இவரே ஓட்டிப் பார்த்தார், எரிந்தது, பாலத்தின் பாதியில் பளிச்சென்று எரிந்தது, இறக்கத்தில் அணைந்தது, பட்டறைக்குள் வண்டியை நிறுத்தி பானெட்டைத் தூக்கினால் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது. மணி ரெண்டே கால். நாலு மணிக்கு தனுஷ்கோடி வண்டி எடுக்க வந்துவிடுவார், லாரி புக்கிங் ஆபீசில் நாள் பூராவும் டிரைவர்களோடு கத்திக் கத்திக் குரலே அப்படி ஆகிப்போன மனுஷன், ஆனால் கோதண்டத்திடம் மட்டும் பதவிசாகப் பேசுவார். "உங்ககிட்ட விட்டாத்தாண்ணே எனக்கு நிம்மதி" என்று காலையில் சாவியை உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த நிம்மதிதான் இப்போது கோதண்டத்தின் கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது. திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, இந்த மனுஷன் நம்பித் தொலைக்கிறான். இத்தனைக்கும் பார்க்க என்ன இருக்கிறது, இது என்ன ராக்கெட்டா. கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஆயில் ஸ்விட்ச், இன்ஜினில் முறுக்கி வைத்திருக்கிறது, அதிலிருந்து மீட்டர் போர்டுக்கு ஒரே ஒரு வயர். இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லாவிட்டால் ஸ்விட்ச் அந்த வயரை வண்டி பாடியோடு சேர்த்து லைட்டை எரிய வைக்கும், அழுத்தம் வந்ததும் விட்டுவிடும். அவ்வளவுதான் மொத்தக் கதையும். லைட்டு எரிந்தால், நிஜமாகவே அழுத்தம் விழுந்திருக்க வேண்டும், அல்லது ஸ்விட்ச் கெட்டிருக்க வேண்டும், அல்லது வழியில் எங்கேயோ வயர் பாடியைத் தொட வேண்டும். ஸ்விட்சைக் காலையிலேயே புதுசு மாற்றியாகிவிட்டது, மாற்றிவிட்டுத்தான் பாலத்துக்கே ஓட்டிப்போனார். அழுத்தத்தைப் பற்றி இவர் நினைக்க விரும்பவில்லை. நினைத்தால் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், அடுத்த பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் மாசிலாமணி. இவர் வயர் வேலை, அவன் இன்ஜின் வேலைக்காரன். இருக்கிறான், ஸ்பேனர் சத்தம் கேட்கிறது, ஆனால் வேலை பார்க்கிற சத்தம் இல்லை, எடுத்து எடுத்து வைக்கிற சத்தம். பத்தொன்பது நாளாக ரெண்டு பட்டறைக்கும் நடுவே பேச்சு இல்லை. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் அந்தத் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும், "சொல்லுங்கண்ணே" என்று குரல் வரும், டீ வாங்கினால் ரெண்டாகத்தான் வாங்குவது, இவர் வயரைப் பார்த்து வண்டியை அவனிடம் தள்ளுவார், அவன் இன்ஜினைப் பார்த்து இவரிடம் தள்ளுவான். எதற்கு இப்போது அதெல்லாம். கோதண்டம் டெஸ்ட் பண்ணுகிற மீட்டரின் ஒரு முனையை ஸ்விட்சிலிருந்து கழற்றிய வயரில் வைத்தார், இன்னொரு முனையை பாடியில் வைத்தார். வயர் எங்கேயாவது பாடியைத் தொட்டால் மீட்டர் கீச்சென்று கத்த வேண்டும். கத்தவில்லை. வயரை ஆட்டினார், இழுத்தார், உருட்டினார், கத்தவில்லை. மாச ஆரம்பத்தில் தனுஷ்கோடி முதல் தடவை இதே வண்டியைக் கொண்டுவந்த அன்றைக்கும் இப்படித்தான் கத்தவில்லை. அன்றைக்கு இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்விட்சிலிருந்து வயரைப் பிடுங்கினார், லைட்டு அணைந்தது, மாட்டினார், எரிந்தது, ஒரு நிமிஷ வேலை, தனுஷ்கோடி பக்கத்தில்தான் நின்றார். "வயர் சுத்தமா இருக்கு, இன்ஜின்லதான் கோளாறு, மாசிட்ட விடுங்க" என்று இவர்தான் சொன்னார். மாசிலாமணி ஸ்விட்ச் இருந்த ஓட்டையில் அழுத்தம் அளக்கிற கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அழுத்தம் நல்லா இருக்குண்ணே, சூடானப்புறமும் நிக்குது, நீங்க வயரை இன்னொரு தடவை பாத்துருங்களேன்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். யோசித்துப் பார்த்தால் பணிவாகக்கூடத்தான் சொன்னான். ஆனால் தனுஷ்கோடி முன்னால் சொன்னான், அதுதான் இவருக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷமா வயரைத் தின்னு வயரைக் குடிச்சு வளந்தவனுக்கு வகுப்பு எடுக்கிறியா என்று கேட்டுவிட்டார். கேட்டதோடு விட்டாரா, "நிக்கிற வண்டியில கேஜ் அப்படித்தான் காட்டும், மேட்டுல இழுக்கும்போதுதான் விழும், இறக்கிப் பாரு" என்று வேறு சொன்னார். மாசிலாமணி போய் ஸ்பேனரை எடுத்தான். ஆயில் சட்டியை இறக்கினான், பம்பை மாற்றினான், பேரிங் மாற்றினான், ஆறு நாள் வண்டியைப் படுக்கப்போட்டு வேலை பார்த்தான்.

ஏழாம் நாள் பாலத்து மேட்டில் லைட்டு எரிந்தது. தனுஷ்கோடி அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, இறங்கி, நேராகப் போய் மாசிலாமணியின் சட்டையைப் பிடித்தார். "எத்தனை நாள்டா என்னை ஏமாத்துவ, நல்லா இருந்த இன்ஜினைப் பிரிச்சு நாசம் பண்ணிட்டியேடா" என்று கத்தினார். பட்டறை வரிசை பூராவும் வெளியே வந்து பார்த்தது. கோதண்டம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? பேட்டரி டெர்மினலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்ட வேண்டிய அவசியமே இல்லாத டெர்மினல். போய் விலக்கியிருக்கலாம், கையை எடுங்க தனுஷ்கோடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் அந்த மனுஷன் இவர் வார்த்தைக்குக் கட்டுப்பட்டிருப்பார், மற்ற யார் வார்த்தைக்கும் கட்டுப்பட்டிருக்கமாட்டார். சொல்லவில்லை. வேலையில் கோட்டை விட்டவன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தார், ஆமாம், அப்படித்தான் நினைத்தார், இப்போது வேறு மாதிரி நினைத்ததாகச் சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது. அதற்கப்புறம் மாசிலாமணி பட்டறைக்கு வர வேண்டிய ரெண்டு வண்டி எதிர் வரிசைக்குப் போயின, மூணாவது வண்டிக்காரன் பாதி வேலையில் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். மாசி பட்டறையை மூடிவிட்டு ஒண்ணாந்தேதியிலிருந்து திருப்பூரில் ஏதோ கம்பெனி பஸ் ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறானாம், வெல்டிங் கடைக்காரர் சொன்னார். அதனால்தான் அந்தச் சத்தம். ஸ்பேனர்களை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைக்கிற சத்தம். இன்றைக்கு இருபத்தெட்டு. கோதண்டத்துக்கு எரிச்சலாக வந்தது. போறவன் சத்தமில்லாமல் போகவேண்டியதுதானே, மனுஷனை வேலை பார்க்க விடாமல் ஒவ்வொன்றாக டங் டங்கென்று போட்டுக்கொண்டு.

சாக்கெட்டைக் கழற்றினார், மாட்டினார். பின்னைச் சுரண்டினார். மீட்டர் போர்டைப் பிரித்துப் பின்பக்கம் பார்த்தார், பச்சை பூத்திருக்குமோ என்று, இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது, அதற்கும் கோபம் வந்தது. ஒரு இடத்திலாவது அழுக்கு இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். பெட்ரோல் வாசமும் வெயிலில் காய்ந்த ரப்பர் வாசமும் சேர்ந்ததில் தலை வலித்தது, மதியம் சாப்பிட்ட எலுமிச்சை சாதம் நெஞ்சிலேயே நின்றது, பெண்டாட்டி ராமலட்சுமி இன்றைக்கு உப்பைக் கூடப் போட்டுவிட்டாள், அவளும் சேர்ந்துகொண்டாள். நின்றால் நன்றாக இருக்கிறது, ஓடினால் கெடுகிறது. ஓடினால்கூட இல்லை, மேட்டில் இழுத்தால். நிக்கிற வண்டியில அப்படித்தான் காட்டும், மேட்டுல இழுக்கும்போதுதான். கோதண்டம் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றுவிட்டார். இது யார் சொன்னது? இவர் சொன்னது. மாசியின் கேஜைப் பார்த்துச் சொன்னது. அப்படியானால் இவருடைய மீட்டரும் நிற்கிற வண்டியில்தானே காட்டியது. அன்றைக்கு ஒரு நிமிஷத்தில் பிடுங்கி மாட்டிப் பார்த்ததும் நிற்கிற வண்டியில்தானே. அவன் கேஜுக்கு ஒரு நியாயம், இவர் மீட்டருக்கு ஒரு நியாயமா? இல்லை இல்லை, வயர் வேறு, ஆயில் வேறு, வயர் என்ன மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குமா. வாங்காது. ஆனால் இன்ஜின் அசையும். இழுக்கும்போது இன்ஜின் தன் இருக்கையில் ஒரு பக்கமாகச் சாயும், ரெண்டு விரல் அளவுக்குச் சாயும், அதோடு அதன் மேல் போகிற வயரும் சாயும்.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சைப் பாதி விட்டார். இன்ஜின் முனகிச் சாய்ந்தது. லைட்டு எரிந்தது. கிளட்ச்சை மிதித்தார், அணைந்தது. விட்டார், எரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம், ஒரு மணி நேரமாக மண்டை காய்ந்ததற்குக் கிடைத்த முதல் பதில், கோதண்டத்துக்குத் துளி சந்தோஷம் வரவில்லை. இப்போது ஒருவர் கிளட்ச் பிடிக்க, ஒருவர் பானெட்டுக்குள் பார்க்க வேண்டும். வாயில் பேர் வந்துவிட்டது, மாசி ஒரு நிமிஷம் வாடா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டு இறங்கினார். ஆள் எதற்கு, கடப்பாரை இருக்கிறது. இன்ஜினை அணைத்து, வயரை ரெண்டு பக்கமும் கழற்றிவிட்டு மீட்டரை மாட்டி, இன்ஜினுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். மீட்டர் கீச்சென்று கத்தியது. தளர்த்தினார், நின்றது. இடது கையால் நெம்பிக்கொண்டே வலது கையை வயர் ஓடுகிற சுருள் குழாய் மேல் ஓடவிட்டார், கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டார், இந்த வேலையில் கண்ணைவிட விரல்தான் நல்லது. இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் பிராக்கெட் பக்கம் விரல் அழுத்தியபோது கீச்சல் விட்டு விட்டு வந்தது. அங்கேதான். எந்த மடையன் வயரை பிராக்கெட்டோடு உரசுகிற மாதிரி விட்டது, இந்த ஊரில் கையில் ஒரு டேப் சுருள் இருந்தால் எல்லாரும் எலெக்ட்ரீஷியன், ஹாரன் மாட்டுகிறவன் எலெக்ட்ரீஷியன், பாட்டு செட் மாட்டுகிறவன் எலெக்ட்ரீஷியன், இவர்களெல்லாம் ஒட்டிவிட்டுப் போன குப்பையைக் கிளறுவதற்கே பாதி ஆயுசு போச்சு. கத்தியால் சுருள் குழாயைக் கீறிப் பிரித்தார். உள்ளே ஒரு ஜாயிண்ட், டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனியில் பச்சைத் தையல் நூல், நாலு சுற்றுச் சுற்றி, ரெண்டு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்திருந்தது.

டேப் மேல் நூல் கட்டுகிற ஆள் இந்த ஊரில் ஒருவர்தான். சூட்டில் டேப்பின் பசை விட்டுப்போகும், நுனி கிளம்பும், நூலால் கட்டிவிட்டால் எத்தனை வருஷமானாலும் கிளம்பாது என்று வரிசை பூராவும் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்கிற ஆள். கோதண்டம் கடப்பாரையை மெல்லக் கீழே வைத்தார். ரெண்டு வருஷம் முன்னால் ஐப்பசி மழையில் இந்த வண்டிக்குள் எலி புகுந்து வயரைக் கடித்துவிட்டது, மூணு வயர், ஆயில் ஸ்விட்ச் வயரும் அதில் ஒன்று, ராமலட்சுமி அப்போது பள்ளிக்கூடத்துக்குப் பச்சைப் பாவாடைகளாகத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள், அந்த நூல்கண்டுதான். எப்படி மறந்தது? மறக்கவில்லை, நினைத்துப் பார்க்கவில்லை, தான் போட்ட ஜாயிண்டை யார் நினைத்துப் பார்ப்பார்கள். நூல் அப்படியே இருந்தது, பெருமையடித்துக்கொண்டது வீண் போகவில்லை, நுனி ஒரு மயிரிழை கிளம்பவில்லை. அடிப்பக்கம்தான் டேப் காய்ந்து வெடித்திருந்தது. பிராக்கெட்டில் உரசி உரசி, ஒற்றைச் செம்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அது தொடுகிற இடத்தில் இரும்பு அரிசி அளவுக்குப் பளபளவென்று இருந்தது. குனிந்து பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு ஒருவன் பாருங்களேன் என்று கேட்டபோது குனிந்திருந்தாலே தெரிந்திருக்கும்.

மணி மூணரை தாண்டிவிட்டது. ரெண்டு நிமிஷ வேலை. நூலை அறுத்து, புது டேப் சுற்றி, வயரை நாலு விரல் தள்ளிக் கட்டினால் முடிந்தது. தனுஷ்கோடியிடம் புது ஸ்விட்ச் மாத்திட்டேன், சரியாப்போச்சு என்றால் போதும், பொய்கூட இல்லை, புது ஸ்விட்ச் மாற்றியது நிஜம், இப்போது சரியாகிவிட்டதும் நிஜம். நடுவில் இருப்பதை யார் கேட்கப்போகிறார்கள். அந்த மனுஷன் பாலத்தில் ஏறி இறங்கி, நாலு டிரைவர்களிடம் கோதண்டண்ணன் கை வச்சாத்தான் வண்டி என்று சொல்வார். வெளியே தெரிந்தால்? இருபத்தாறு வருஷத்துப் பேர், பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து செக்போஸ்ட் வரைக்கும் வயர் என்றால் கோதண்டம், அது போகும், பிரித்துப் பார்க்காமலே சொல்கிற ஆளு என்று சிரிப்பார்கள், எதிர் வரிசைக்காரன் அதையே பேச்சாக வைத்துக்கொள்வான். தனுஷ்கோடி சட்டையைப் பிடிப்பாரா? ஐம்பத்து மூணு வயசில் சட்டையைப் பிடித்தால் எப்படி இருக்கும். கோதண்டத்தின் கை தன்னையறியாமல் போய்ச் சட்டைக் காலரைத் தொட்டது. மாசிக்கு நாற்பத்து நாலு. அதுவும் சின்ன வயசு இல்லை. எப்படியும் அவன் போகத்தான் போகிறான், திருப்பூரில் மாசச் சம்பளம், பார்க்கப்போனால் அவனுக்கு நல்லதுதான், யார் கண்டது. இதை நினைத்ததும் கோதண்டத்துக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கத்தி முனை நூலுக்கு அடியில் போயிருந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் பெட்டியின் மூடி கிரீச்சென்று மூடிக்கொண்டது, கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. கோதண்டம் கத்தியை வெளியே எடுத்தார், மடக்கினார், சட்டைப்பையில் போட்டார், போட்டுவிட்டு, நாசமாப்போக என்று சொன்னார், யாரை என்று இல்லை.

தனுஷ்கோடி நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே பைக்கில் வந்து இறங்கினார். "ஆச்சாண்ணே?"

"ஆச்சு. இருங்க." கோதண்டம் போய்த் தகரத்தைத் தட்டினார். சத்தம் இல்லை. மறுபடி தட்டினார். "மாசி, இங்க வா."

கொஞ்ச நேரம் கழித்து மாசிலாமணி வந்தான். பட்டறைக்குள் வரவில்லை, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தனுஷ்கோடியைப் பார்க்கவில்லை. தனுஷ்கோடியும் செல்போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

கோதண்டம் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். மீட்டர் கத்தியது. தளர்த்தினார், நின்றது. பிறகு கீறின குழாயை விரலால் விலக்கிக் காட்டினார். "இந்த ஜாயிண்ட் நான் போட்டது. ரெண்டு வருஷம் முன்னாடி எலி கடிச்சப்ப. இதுதான் பாடியில தொட்டுத் தொட்டு லைட்டு எரிஞ்சிருக்கு." குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது, அதனால் மறுபடி, வெல்டிங் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "இன்ஜின்ல எந்தக் கோளாறும் இல்ல. என்னிக்குமே இருந்ததில்ல. மாசி அன்னிக்கே வயரைப் பாக்கச் சொன்னான். நான் பாக்கல."

"அப்புறம் எதுக்குண்ணே இன்ஜினை இறக்கினோம்?" என்றார் தனுஷ்கோடி.

"நான் சொன்னதுக்கு இறக்கினோம்."

தனுஷ்கோடி வண்டியைப் பார்த்தார், கோதண்டத்தைப் பார்த்தார். கத்துவார் என்று கோதண்டம் காத்திருந்தார். கத்தவில்லை. வலது கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டார், ரெண்டு தடவை துடைத்தார். "அப்ப நான் இவரை..." என்று ஆரம்பித்துவிட்டு, "மாசிலாமணி, மனசுல வச்சுக்காதப்பா" என்று முடித்தார். மாசிலாமணி தலையை ஆட்டினான், வைத்துக்கொள்ளமாட்டேன் என்றும் இருக்கலாம், கேட்டுக்கொண்டேன் என்றும் இருக்கலாம்.

உள்ளே வந்து, குனிந்து, அந்த ஜாயிண்டை விரலால் தொட்டுப் பார்த்தான். நிமிரவில்லை. "அன்னிக்கு இன்பவள்ளி வந்திருந்தாண்ணே" என்றான். "வீட்டுச் சாவி வாங்க வந்தா. இந்தத் தகரத்து ஓரமாத்தான் நின்னுக்கிட்டிருந்தா, இவர் என் சட்டையப் பிடிச்சப்ப. நீங்க யாரும் பாக்கல."

கோதண்டத்துக்கு அந்தப் பிள்ளை தெரியும். மாசியின் மகள், ஏழாவது படிக்கிறாள், இவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள்.

"ராத்திரி சாப்பிடும்போது கேட்டா, நீங்க வேலையத் தப்பாத்தான் செஞ்சீங்களாப்பான்னு. ஆமான்னு சொன்னேன்."

"ஏன்டா அப்படிச் சொன்ன? நீ கேஜ் வச்சுப் பாத்தவன்தானே."

"பாத்தேன்." மாசிலாமணி இப்போதுதான் நிமிர்ந்தான். "வயர்ல ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்லிட்டீங்களேண்ணே. அப்புறம் எங்கிட்டதான இருக்கணும்? பத்தொன்பது நாளா எங்க விட்டேன் எங்க விட்டேன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். நட்டு நட்டா நெனச்சுப் பாத்துட்டேன்."

கோதண்டம் பக்கத்திலிருந்த பழைய துணியை எடுத்தார், கையைத் துடைத்தார், கை கருப்பாகத்தான் இருந்தது. தனுஷ்கோடி பைக் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"இவர்ட்ட சொன்னது சரி" என்றான் மாசிலாமணி. "அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா."

"எத்தனை மணிக்கு வருவா?"

"நாலே முக்காலுக்கு சைக்கிள்ல இப்படித்தான் போவா."

கோதண்டம் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், முழங்கை வரைக்கும் கழுவினார். ஸ்டூலை ரோட்டோரம் எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வாம்மா என்று ஆரம்பிப்பதா, உங்கப்பா என்று ஆரம்பிப்பதா என்று யோசித்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சரியாக வரவில்லை.